நடையைப் பதிந்த பின்வாசல்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது, நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் நைட்டி விற்கிறவள் பேனாவைத் தூக்குவது கொஞ்சம் அதிகம்தான். எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், ஒரு தமிழ்ப் பள்ளியில் பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அட்டைப் பெட்டிகளின் மேல் அளவு மட்டும்தான். எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல். கடையில் மலையாளம், வீட்டில் எங்கள் பேச்சு, தமிழை வாசிப்பது பைபிளில் மட்டும் என்று வாழ்கிறவள். வாக்கியம் எங்காவது வசனம்போல் ஒலித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறையும் உண்டு. நாலு பேர் என்னைப் பார்த்தால் எனக்கு வேர்க்கும். அப்படிப்பட்டவள் தன்னைப் பற்றி எழுதுவது எப்படி என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் பாறசாலையில் ஆட்டோ ஓட்டுகிறவர். "நீ எழுதினாலும் பேப்பருக்க ஓரத்துலதான் எழுதுவ, பயப்படாண்டாம்" என்றார்.

ஓரம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் என் நடை. நான் எங்கே போனாலும் சுவரை ஒட்டித்தான் நடப்பேன். அகலமான ரோட்டிலும் மதிலோரம்தான் என் வழி. ஸ்டாண்டில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, நான் பஸ் இறங்கி வருவதை அவர் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பார். "மதிலு விழுந்திராம தாங்கிப் பிடிச்சோண்டு வாற ஒரே ஆளு நீயாக்கும். பஞ்சாயத்து ஒனக்குச் சம்பளம் தரணும்" என்பார். கல்யாணமான நாள் முதல் இதே கேலி. நானும் கல்யாணமான நாள் முதல் அதே மதிலோரம்.

எனக்கு அந்தக் கடை பிடித்துப்போனதற்கும் இதுதான் காரணம். நைட்டியும் உள்பாவாடையும் கீழ்த்தளத்தில் பின்மூலையில் இருக்கின்றன. அங்கே வருகிறவர்களும் யாரும் தங்களைப் பார்க்கக் கூடாது என்றுதான் வருவார்கள். அவர்கள் மெதுவாகக் கேட்பார்கள், நான் அதைவிட மெதுவாகச் சொல்வேன். எங்கள் மூலையில் வியாபாரம் ஜெபக்கூட்டம் போல நடக்கும்.

மாடியில் நடப்பது வேறு. அங்கே கல்யாணச் சேலை. அதைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. எங்கள் மிஷன் சபையைச் சேர்ந்தவர்தான். கொல்லயில் என்கிற எங்கள் ஊரில், என் வீட்டுக்கு அடுத்த வளைவில் அவர் வீடு. காலையில் ஒரே பஸ்ஸில் போவோம், மாலையில் ஒரே பஸ்ஸில் வருவோம். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர், நல்ல உயரம். சேலையைப் பொம்மைக்கு உடுத்திக் காட்டுவதெல்லாம் அவருக்குப் பிடிக்காது. தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடி வரை ஒரு நடை நடந்து, அங்கே நின்று திரும்பி, மறுபடி நடந்து வருவார். அந்த நடையைப் பார்த்துத்தான் பாதிச் சேலை விற்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிப் பார்த்த பெண்கள், கடையில் பார்த்த மாதிரி இல்லையே என்று திரும்பி வந்ததும் உண்டு. "அதுக்கு நான் என்ன செய்ய? சேலைதானே வித்தேன், என்னையா வித்தேன்?" என்பார் அக்கா.

எங்கள் முதலாளி யாரையும் வேலையை விட்டுப் போ என்று சொல்லமாட்டார். நல்ல மனிதர், சொல்ல அவருக்குக் கூச்சம். அதற்குப் பதிலாகக் கூப்பிட்டு, கடையின் பெயர் போட்ட ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார். மறுநாளிலிருந்து அவர்கள் வரமாட்டார்கள். "அவளுக்குக் கடிகாரம் கிட்டியாச்சு" என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். வேலைக்கு இருந்த காலமெல்லாம் நேரத்தைப் பார்த்து ஓடி வந்தவளுக்கு, இனி நேரமே பார்க்க வேண்டாம் என்ற அன்றைக்குக் கடிகாரம் கொடுப்பது எனக்கு எப்போதும் விளங்கியதில்லை. பேட்டரியும் நாம்தான் வாங்கிப் போட வேண்டும்.

இனி மெஷினுக்கு வருகிறேன்.

முதலில் எங்களுக்கு விரல் வைக்கும் மெஷின் இருந்தது. கஞ்சி போட்ட துணியையும் அட்டைப் பெட்டியையும் நாளெல்லாம் தேய்த்து எங்கள் விரலில் ரேகை என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஒவ்வொருத்தியும் விரலை ஊதி, சேலையில் துடைத்து, மறுபடி வைத்து, பின்வாசலில் தினமும் வரிசை நிற்கும். ஓர் ஓணத்துக்குத் துணி எடுக்கக் கூட்டம் வந்த சமயம், முதலாளியின் மருமகன் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அவர் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்.

"இனி விரல் வேண்டாம், முகமும் வேண்டாம். பின்வாசல் வழியில் சும்மா நடந்து வந்தால் போதும். நடையைப் பார்த்தே ஆள் யாரென்று காமிரா சொல்லும். மழைக்கோட்டு போட்டு வந்தாலும் தெரியும், தலையைக் குனிந்து வந்தாலும் தெரியும்" என்று மலையாளத்தில் விளக்கினார்.

தலையைக் குனிந்து வந்தாலும் என்றபோது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தலையைக் குனிந்துகொண்டால் போதும் என்றுதான் அதுவரை வாழ்ந்திருந்தேன்.

எல்லோருக்கும் இங்கிலீஷில் ஒரு காகிதம் கொடுத்து ஒப்பு, அதாவது கையெழுத்து, போடச் சொன்னார். அக்கா மட்டும் பேனாவை வாங்காமல் நின்றார்.

"சாறே, இதுல என்ன எழுதியிருக்கு?"

"உங்க நடையை நாங்க எடுத்து வச்சுக்கிடலாம்னு சம்மதம், சேச்சி."

"வச்சிட்டு என்ன செய்யப் போறிய?"

"ஒண்ணும் செய்யமாட்டோம்."

"ஒண்ணும் செய்யாததுக்கு என்னத்துக்கு சாறே வச்சுக்கிடணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். மருமகனும் சிரித்தார். சிரித்து முடித்து எல்லோரும் ஒப்புப் போட்டோம், அக்கா உட்பட.

பிறகு ஒவ்வொருவராகப் பின்வழியில் நடந்து காட்டினோம். காமிராவில் பதிந்ததை டிவியில் போட்டார்கள். அதில் முகம் இல்லை, சேலை இல்லை. கோடுகளும் மூட்டுக்கு மூட்டு ஒரு புள்ளியும்தான். தீப்பெட்டிக் குச்சியில் செய்த பொம்மை நடப்பதுபோல இருந்தது. அப்படியிருந்தும் எந்தக் குச்சி யார் என்று எல்லோருக்கும் உடனே தெரிந்தது. அக்காவின் குச்சி நிமிர்ந்து, கை வீசி, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் போயிற்று. அடுத்து ஒரு குச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. படத்தில் சுவரே கிடையாது. அக்கா கைதட்டிச் சிரித்தார். "எட்டி, செவரு இல்லாத எடத்துலயும் செவரு பிடிச்சோண்டு போறியே!" நான் போய் உள்பாவாடைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அந்த மெஷினால் வந்த கூத்துகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சட்டைப் பிரிவுப் பையன் பல நாள் வேலைக்கு வரவில்லை என்றும், பில் போடும் பெண் அதே நாட்களில் இரண்டு தடவை வந்தாள் என்றும் அது பதிந்திருந்தது. என்னவென்று பார்த்தால், இரண்டு பேரும் பஸ்ஸிலிருந்து பேசிக்கொண்டே ஒன்றாக நடந்து வந்து, ஒரே கால், ஒரே தாளம் ஆகிவிட்டிருந்தது. மெஷின் குழம்பிப்போயிற்று. எங்களில் யாரும் குழம்பவில்லை. அது எங்களுக்கு முன்பே தெரியும், தெரியாததுபோல இருந்தோம், அவ்வளவுதான். மருமகன் அதை எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்தபோதுதான் அந்தப் பெண் அழுதாள். பிறகு இரண்டு வீட்டிலும் பேசி நிச்சயம் ஆகிவிட்டது. "கல்யாணத்துக்கு மெஷினுக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுக்கணும்" என்றார் அக்கா.

வாசலில் பச்சை விளக்கு எரிந்தால் ஆள் தெரிந்தது என்று அர்த்தம். சிவப்பு எரிந்தால் தெரியவில்லை அல்லது நடை மாறியிருக்கிறது என்று அர்த்தம். நடை மாறினால் மருமகனின் போனுக்குச் செய்தி போகும். கார்த்திகை பிறந்ததும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். செருப்பில்லாத காலின் நடை வேறு. முதலாளி பக்திமான். "சாமிமாரை வாசல்ல நிறுத்தாண்டாம்" என்று கண்டித்துவிட்டார். அதனால் மருமகன் காவல்காரரின் மேசையில் ஒரு பொத்தான் வைத்தார். சிவப்பு எரிந்தால் காரணம் கேட்டு, விரதம் என்றால் அந்தப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் பச்சை எரியும், போனுக்குச் செய்தி போகாது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் வந்தபோது, சிலுவை நிற்கும் குருசுமலைக்கு ஏறுவதாக நேர்ச்சை வைத்து வெறுங்காலோடு நடந்த கத்தோலிக்கப் பெண்களுக்கும் அதே பொத்தான்.

அக்காவின் கால் கிறிஸ்துமஸ் கழிந்து கெட ஆரம்பித்தது. முதலில் பஸ்ஸில்தான் பார்த்தேன். இறங்கும்போது எப்போதும் வலது காலை வைக்கிறவர் இடது காலை வைத்தார். அடுத்த வாரம் கம்பியைப் பிடித்தார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். பிறகு இருவரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டு நடந்தோம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சொல்லாததைக் கேட்கமாட்டோம், ஆனால் பையை வாங்கிக்கொள்வோம். அவர் சோற்றுப் பை அன்றிலிருந்து என் கையில்.

ஒரு நாள் அவரே சொன்னார்.

"எனக்க முட்டு போச்சு மக்கா. மாடி ஏறும்ப உயிரு போவுது."

"முதலாளிட்ட சொல்லலாமே அக்கா."

"சொன்னா கடிகாரம் தருவாரு. மோனும் மருமோளும் துபாயில. வீட்டுல கெடந்தா நான் ஆருக்குச் சேலை உடுத்திக் காட்டுகேன்? கோழிக்கா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனால் வீடு வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரமே பின்வாசலில் அவருக்குச் சிவப்பு எரிந்தது. அன்றைக்கென்று மருமகன் அங்கே நின்றிருந்தார்.

"என்ன சேச்சி, காலில்?"

அக்கா குனிந்தார். நான் வலியில் குனிகிறார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"விரதம்" என்றார்.

"ஓ, குருசுமலையா? கொள்ளாம், கொள்ளாம்."

அக்கா "ம்" என்றார். காவல்காரர் பொத்தானை அமுக்கினார். பச்சை எரிந்தது.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் சபை கத்தோலிக்கச் சபை இல்லை. அங்கே நேர்ச்சை கிடையாது, மலைக்கு நடப்பது கிடையாது, செருப்பைக் கழற்றுவதும் கிடையாது. அதெல்லாம் வேண்டாம் என்றுதான் எங்கள் முன்னோர்கள் அந்தக் காலத்தில் தனியாக உட்கார்ந்தார்கள். மருமகன் வேறு மதத்துக்காரர், அவருக்கு எல்லாச் சிலுவையும் ஒன்றுதான். சாயந்திரம் பஸ்ஸில் கேட்டேன், "அக்கா, நாம எப்பம் மலை ஏறுகோம்?" "வாயப் பொத்து" என்றார். அதுமுதல் கடை முக்கு வரை செருப்போடு வருவார், முக்கில் கழற்றுவார். கும்ப மாத வெயிலில் கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலோடு அவர் தத்தித் தத்தி நடப்பதைப் பார்த்து, விரதக்காரிகள் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அவர்களில் ஒருத்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம்மளோடு மிஷன்காரியும் மலைக்கு வாறா என்று பஸ்ஸில் சொல்லியிருக்கிறாள். எங்கள் சபையின் மகளிர் சங்கம் இருக்கும் ஊரில் பஸ்ஸில் ஒன்றைச் சொல்வதும் பிரசங்க மேடையில் சொல்வதும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், சாயந்திரம் சங்கத்தார் அக்கா வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அக்கா என்னைக் கூப்பிட்டார். "நீ வந்து எனக்க பக்கத்துல இரி. ஒண்ணும் பேசாண்டாம். ஒனக்கு அதுதானே வரும்."

போதகரின் மனைவியும் சங்கத் தலைவியும் இன்னும் சிலரும் வந்தார்கள். சாயா குடித்தார்கள். நேந்திரங்காய் வறுவல் தின்றார்கள். மரச்சீனிக் கிழங்கு விலையைப் பேசினார்கள். வறுவல் தீர்ந்த பிறகு தலைவி தொண்டையைச் செருமினார்.

"மக்கா, நீ மலைக்குப் போறதா ஒரு வர்த்தமானம் கேட்டோம்."

"எந்த மலைக்கு? எனக்கு மாடிக்கே..." என்று தொடங்கி அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வெறுங்காலோட நடக்கியாமே?"

"செருப்பு அறுந்து போச்சு."

"அன்னா கெடக்கே, கதவுக்குப் பெறத்த."

எல்லோரும் செருப்பைப் பார்த்தார்கள். அது நன்றாகத்தான் கிடந்தது. போதகரின் மனைவி நல்லவர், பேச்சை முடிக்க நினைத்து, "கேள்வி எல்லாம் போதும். முழங்கால் போட்டு ஜெபிப்போம், வாருங்கோ" என்றார்.

சேலைகள் சரசரவென்று எல்லோரும் முழங்காலில் இறங்கினார்கள். அக்கா மட்டும் நின்றார். அவருக்குப் பக்கத்தில், என்ன செய்வதென்று தெரியாமல், நானும் நின்றேன்.

"நான் நின்னோண்டே ஜெபிக்கேன்" என்றார் அக்கா.

தலைவி முழங்காலில் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "முழங்கால் போடவும் மனசில்லியா? அங்க போய்ப் படிச்ச பாடமா இது?"

அக்காவின் முகம் சிவந்தது. முட்டு வலி என்று ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அந்த வார்த்தை திங்கட்கிழமை காலையில் எங்களுக்கு முன்பே பஸ் ஏறி, எங்களுக்கு முன்பே கடையில் இறங்கிவிடும். அக்கா வாயைத் திறந்தார். அதற்கு முன் வேறொரு குரல் கேட்டது. அது என்னுடையது என்று எனக்கே தெரிய சற்று நேரமாயிற்று.

"எனக்காக்கும் முட்டு வேதனை. தனியா நிக்கதுக்கு நான் வெக்கப்படுவேன்னு அக்கா கூட நிக்காவ."

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்திக்கும் சந்தேகம் வரவில்லை. முட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது, ஆனால் என் வெட்கத்தைப் பற்றி ஊருக்கே தெரியும். "அப்படிச் சொல்லு பிள்ளே!" என்று தலைவி உருகிப்போய், என் முட்டுக்காக நீளமாக ஒரு ஜெபம் செய்தார். மலையை எல்லோரும் மறந்தார்கள். போகும்போது முருங்கையிலை ஒத்தடக் கிழியிலிருந்து ஆசுபத்திரி வரை ஆளுக்கொரு வழி சொன்னார்கள்.

அவர்கள் போனதும் அக்கா நாற்காலியில் விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்தார். "வாய் தொறக்காதவ தொறந்து பொய்யா பறையணும்?" என்றார்.

ஒரு பொய்யை வாயால் சொன்னால் மட்டும் போதாது என்று திங்கட்கிழமை தெரிந்தது. பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். காவல்காரர் வரைக்கும் விசாரித்தார். வேறு வழியில்லாமல் கொஞ்சம் நொண்டினேன். பின்வாசலில் எனக்குச் சிவப்பு எரிந்தது.

"சேச்சிக்கும் விரதமா?" என்றார் மருமகன்.

அக்காவைப்போல ஒரு "ம்" போட எனக்குத் துணிவில்லை. "முட்டு" என்றேன். அவர் போனில் ஏதோ தட்டினார்.

அந்த வாரம் முழுவதும் அப்படித்தான் போயிற்று. கால் நன்றாக இருக்கிற நான் நொண்டிக்கொண்டு முட்டு வலிக்காரி ஆனேன். கால் கெட்ட அக்கா செருப்பைக் கழற்றி விரதக்காரி ஆனார். மெஷின் இரண்டையும் நம்பியது. எப்போது எந்தக் காலில் நொண்டினேன் என்று மறந்து, ஒரு நாள் காலையில் இடது, மாலையில் வலது என்றும் நொண்டியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஸ்டாண்டில் நின்று பார்த்துவிட்டு, "இண்ணு மதிலுக்கு நீ தாங்கலா, ஒனக்கு மதிலு தாங்கலா?" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவருடைய அறை மாடிப்படிக்குக் கீழே, கண்ணாடி போட்டது. உள்ளே மருமகன் போனோடு நின்றார். மேசைமேல் ஒரு சதுர அட்டைப் பெட்டி இருந்தது. அட்டைப் பெட்டிகளோடு வாழ்கிறவள் நான். உள்ளே என்ன என்று திறக்காமலே தெரிந்தது.

"ஒனக்கு நல்ல சுகமில்லியாமே பிள்ளே" என்று முதலாளி தொடங்கினார். "இனி கொஞ்சம் ஓய்வாட்டு இருக்கலாம்னு..." அதற்கு மேல் சொல்ல அவருக்குக் கூச்சம். பதில் சொல்ல எனக்குக் கூச்சம். இரண்டு பேரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பில் போடும் பெண் கண்ணாடி வழியாக இதைப் பார்த்துவிட்டு மாடிக்கு ஓடியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் படியில் சத்தம் கேட்டது. அக்கா இறங்கி வந்துகொண்டிருந்தார். தோளில் யாருக்கோ காட்டிக்கொண்டிருந்த சிவப்புப் பட்டு அப்படியே கிடந்தது. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்து, மறு காலை அதே படியில் சேர்த்து, அடுத்த படி. துணி எடுக்க வந்தவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். எந்தக் காமிராவும் தேவைப்படவில்லை.

"முதலாளி, அந்தக் கடிகாரம் எனக்குள்ளதாக்கும்" என்றார் அக்கா, கதவைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டே. "இவளுக்க முட்டுக்கு ஒரு குறையும் இல்ல. போனது எனக்க முட்டு. எனக்காவ இவ பொய் பறைஞ்சு நொண்டினா. அதும் நேரா நொண்டத் தெரியல்ல."

முதலாளி என்னைப் பார்த்தார். "உள்ளதா?"

"ஆமா முதலாளி."

அவர் மருமகன் பக்கம் திரும்பினார். "ஒனக்க மெஷின் இதக் கண்டுபிடிக்கலியா?"

"நடை மாறினா மாறிச்சுன்னு சொல்லும் மாமா. எதுக்கு மாறிச்சுன்னு அதுக்குத் தெரியாது."

"எல்லாருக்கும் சொல்லுமா?"

"எல்லாருக்கும்."

"எனக்கும்?"

மருமகன் போனைச் சட்டைப்பையில் வைத்தார், மறுபடி எடுத்தார். "மாமாவும் பின்வாசல் வழியாத்தானே வாறது. கொஞ்ச நாளா இடது கால் லேசா இழுக்குதுன்னு காட்டுது."

"ஆருட்ட சொன்ன?"

"அவகிட்ட மட்டும்தான்."

அவகிட்ட என்றால் முதலாளியின் மகளிடம். முதலாளி மெதுவாக, தனக்குத்தானே கணக்குப் போடுவதுபோலச் சொன்னார். "அப்பம் அதாக்கும் ராத்திரி சோறு போய்ச் சப்பாத்தி ஆனது. அதாக்கும் எனக்க பழைய செருப்பு காணாம போனது. நான் கோயிலுக்கு எறங்கினா உடனே வண்டி வாறதும் அதாக்கும்." குரல் உயர்ந்தது. "எலே, எனக்க காலப் பற்றி எனக்கே தெரியாம எனக்க வீட்டுல பேச்சு நடந்திருக்கு! என்னட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

"மாமா நல்லதுக்குத்தான்..."

"நல்லதுதான். கேட்டிருந்தா நான் ஒண்ணும் இல்லேன்னு பொய் சொல்லியிருப்பேன். அதுக்காவது ஒரு இடம் தந்திருக்கணும்ல?"

அக்கா சேலை முந்தியால் வாயை மூடிக்கொண்டார். நான் தரையைப் பார்த்தேன். முதலாளி மேசைமேல் இருந்த பெட்டியை, அது தனக்கு வந்ததோ என்பதுபோல ஒரு தடவை பார்த்தார். எடுத்துக் கீழே வைத்து, காலால் மேசைக்கு அடியில் தள்ளினார். அந்த இடது காலால்தான்.

"நடை மாறிச்சு, மாறல்ல, அதொண்ணும் இனி வேண்டாம். வந்தாளா, போனாளா, அது போதும்."

"அதும் இதும் ஒண்ணாத்தான் மாமா வரும். தனியா நிறுத்த முடியாது."

"அப்பம் பழைய விரல் மெஷின எடுத்து மாட்டு."

பிறகு அக்காவிடம், "நீ நாளைக்கு மொதலு மாடி ஏறாண்டாம். கீழ நைட்டியில இரி. ஒரு ஸ்டூல் போட்டுத் தரச் சொல்லுகேன்" என்றார்.

அக்காவின் முகத்தில் நிம்மதியும் வந்தது, அதன் பின்னாலேயே ஒரு மனக்குறையும் வந்தது. "நைட்டியா?" என்றார், சேலைக்காரியின் குரலில். இருபது அடி தூரத்தில் இருந்த என் மூலையை வேறு ஊரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மேல ஆரு நிப்பா?" என்று முதலாளி கேட்டார்.

அக்கா மோவாயால் என்னைக் காட்டினார். "முட்டுக்கு ஒண்ணும் இல்லாதவ இவதானே."

எனக்கு அந்தக் கடிகாரமே பரவாயில்லை என்று தோன்றியது.

சாயந்திரம் பஸ்ஸில் அக்கா நல்ல சந்தோஷமாக இருந்தார். நெடுநாளைக்குப் பிறகு செருப்புப் போட்டிருந்தார். "மேல மூணு பக்கமும் செவரு இல்ல மக்கா, கண்ணாடியாக்கும். ஓரத்தப் பிடிச்சு நடந்தா நீ ரெண்டு பேராத் தெரிவ" என்றார். அவர் இறங்கும்போது இடது காலை முதலில் வைத்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டார், அதை மறைக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது ஒன்று மட்டும் மனதில் கிடந்தது. இதுவரை எடுத்த நடைகளை எல்லாம் என்ன செய்வீர்கள் என்று அக்கா கிளம்பும்முன் மருமகனிடம் கேட்டிருந்தார். அது இங்கே இல்லை, மேலே எங்கேயோ ஒரு இடத்தில் கிடக்கும் என்றார் அவர். என் வீட்டுக்காரரும் என் நடையைப் பார்க்கிறார், கேலி செய்கிறார். அவர் பார்ப்பது எனக்குத் தெரியும், நானும் அவரைத் திரும்பிப் பார்த்து முறைக்கலாம். எங்கேயோ ஒரு இடத்தில் சாய்ந்து சாய்ந்து நடக்கிற என் குச்சிக்கு யாரை முறைப்பது என்று தெரியாது. காலையில் ஒரு காலும் மாலையில் ஒரு காலுமாக நான் நொண்டியதும் அங்கே இருக்கும். அது பொய் என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். அந்த இடம் எது என்று கேட்க வேண்டும்போல இருந்தது. வெட்கமாக இருந்ததால் கேட்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நான் மாடிக்குப் போனேன். அம்பூரியிலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஒரு குடும்பம் வந்தது. ஒரு சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடி வரை போய்த் திரும்பி வந்தேன். அவர்கள் வேறொரு சேலையை எடுத்தார்கள். கீழே அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து நைட்டி விற்றார். பின்வாசலில் பழைய விரல் மெஷினை மாட்டியிருந்தார்கள். என் விரலை அது எடுக்கவில்லை.